பதிவு போடும் நேரமும் நம் அன்றாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சிறிய கணினி மையம் நடத்துகிறேன். ஃபேஸ்புக் கணக்கைத் திருடிவிட்டார்கள், போட்டோவை எடுத்து எங்கோ போட்டுவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. என்ன எழுதுகிறோம், எந்தப் படத்தைப் போடுகிறோம் என்பதில் இப்போது எல்லோருக்கும் கவனம் வந்துவிட்டது. எத்தனை மணிக்குப் போடுகிறோம் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் வந்த கேள்விகளை, என் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

குட் மார்னிங் படமும் கோயில் கொடை விழாப் படமும்தான் போடுகிறேன். நேரத்தை வைத்து என்ன தெரிந்துவிடும்?

நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது படுக்கிறீர்கள், வேலைக்கு எப்போது போகிறீர்கள், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, வீட்டில் எந்நேரம் ஆள் இருக்காது. இவ்வளவும் தெரியும். ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சில மாதப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் சொல்லலாம். அதிலும் குட் மார்னிங் படம் போடுகிறவர்களைப் படிப்பது மிக எளிது, ஏனென்றால் கண் விழித்ததும் அவர்கள் செய்கிற முதல் வேலையே அதுதான். தினமும் 5:10க்கும் 5:20க்கும் நடுவில் வருகிற படம் ஒருநாள் 8 மணிக்கு வந்தால், அன்று அந்த வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது.

பதிவு இருக்கிற நேரத்தைவிட, இல்லாத நேரம்தான் அதிகம் சொல்லும். மற்ற நாள் காலையில் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிறவர், ஞாயிறு 7 முதல் 10 வரை மட்டும் வருடம் முழுக்க அமைதி என்றால், அது சர்ச்சுக்குப் போகும் நேரம் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் பிறர் பதிவுக்குக் கீழே எழுதும் கமெண்ட்டுக்கும் நேரம் உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெரிய கணினி அறிவு வேண்டுமா?

வேண்டாம். ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும். வாரத்தின் 7 நாளுக்கு 7 வரிசை, ஒரு நாளின் 24 மணிக்கு 24 கட்டம். ஒவ்வொரு பதிவுக்கும் அதற்குரிய கட்டத்தில் ஒரு புள்ளி. நூறு இருநூறு புள்ளி விழுந்ததுமே ஒரு உருவம் தெரிய ஆரம்பிக்கும். புள்ளியே விழாத நீண்ட பட்டை தூக்கம். வேலை நாளில் காலியாகவும் விடுமுறை நாளில் நிறைந்தும் இருக்கிற பகுதி வேலை நேரம். உணவு இடைவேளை கூடத் தனியாகத் தெரியும்.

அடுத்தவர் பதிவில் இதைச் செய்து பார்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய மூன்று வருடப் பதிவுகளையே எடுத்தேன். ஃபேஸ்புக்கில் உங்கள் தகவலை மொத்தமாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. அதில் எல்லாப் பதிவும் கமெண்ட்டும் நேரத்தோடு வரும்.

முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. காலை 7 முதல் 9 வரை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அப்புறம் வாரக் கட்டத்தை விட்டுவிட்டு, தேதிகளை வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். அந்தக் காலைப் பதிவுகள் எல்லாம் ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்திருந்தன. குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ஒன்றுவிட்ட நாள் வெட்டு, அதாவது பால் எடுக்க மரப்பட்டையைக் கீறுவது. இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டி முடித்தால், சிரட்டையில் பால் வடிய இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் நான் போனை எடுத்திருக்கிறேன். 7 நாள் வாரத்தில் இரண்டு நாள் சுழற்சி கலைந்துபோகும். அதனால்தான் முதலில் கண்ணில் படவில்லை.

மழை பெய்த நாளில் வெட்டு இல்லை, எனவே காலைப் பதிவும் இல்லை. இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சில் மரத்துக்கு ஓய்வு கொடுப்போம். அந்த மாதங்களில் காலை காலியாக இருந்தது. ரப்பர் என்ற சொல்லை நான் ஒரு பதிவில்கூட எழுதியதில்லை. ஆனாலும் என் தொழில், எங்கள் பகுதியில் மழை பெய்த நாள்கள், எல்லாம் அந்தப் புள்ளிகளில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. அந்த விடியற்காலைகளில் வீட்டில் அம்மா தனியாக இருப்பார். அந்த நாள்கள் எவை என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த விஷயத்தை எல்லோரிடமும் சொல்லத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பெயரும் ஊரும் போடாமல் எழுதினால்?

பெயர் தெரியாமல் போகலாம். ஊரை ஓரளவு சொல்லிவிடலாம். பிட்காயின் என்ற இணைய நாணயத்தை உருவாக்கிய சதோஷி நாகமோட்டோ யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அவர் பொதுவில் எழுதிய 500க்கும் மேற்பட்ட பதிவுகளின் நேரங்களை ஸ்டெஃபான் தாமஸ் என்ற மென்பொருளாளர் வரைபடமாகப் போட்டார். கிரீன்விச் நேரப்படி காலை 5 முதல் 11 வரை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நம் நேரத்தில் அது பகல் 10:30 முதல் மாலை 4:30 வரை. சாதாரணமாக அந்நேரம் தூங்குகிறவர் நம் பக்கத்துக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அது நள்ளிரவு முதல் காலை 6. ஆளை யாரும் பிடித்துவிடவில்லை. ஆனால் தேட வேண்டிய வட்டம் சுருங்கியது.

அதே வழியில் 2014இல் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு உளவுக் கும்பலின் மென்பொருள்களை ஆராய்ந்தது. அவற்றில் 96 சதவீதம் திங்கள் முதல் வெள்ளிக்குள் உருவாக்கப்பட்டவை. 89 சதவீதத்துக்கு மேல், மாஸ்கோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் அப்போது இருந்த நேர மண்டலத்தில் காலை 8 முதல் மாலை 6க்குள் வந்தவை. ஒளிந்து வேலை செய்கிறவர்களும் ஆபீஸ் நேரத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

நம் மாவட்டத்தை அடையாளம் காண்பது இன்னும் எளிது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களில் வேலை நாளாக இருக்கும்போது நமக்கு உள்ளூர் விடுமுறை வரும். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காடு கொடை, அப்புறம் ஓணம். இந்த நாள்களில் எல்லாம் ஒருவர் விடுமுறைக்காரரைப் போல எழுதியிருந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் வீட்டில் கடல் தொழில். எங்களுக்கும் இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். குமரி மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வருடம் முழுக்கப் பகலில் அபூர்வமாக எழுதுகிற ஒருவர் ஏப்ரல் பாதியிலிருந்து நாள் முழுக்க எழுதத் தொடங்கினால் அவர் படகு எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். ஜூன், ஜூலையில் அப்படி என்றால் வேறு துறைமுகம்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆட்களைப் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்களின் பதிவுகள் இன்னும் தெளிவாக இருக்கும். கரையில் இருக்கும்போது நெருக்கமாகப் புள்ளிகள், அப்புறம் நீண்ட வெற்றிடம். வீட்டில் ஆண்கள் இல்லாத நாள்கள் எவை என்று அந்த வெற்றிடம் வெளியாளுக்கும் சொல்லிவிடுகிறது. கடலுக்குப் புறப்படும் நாளில் படகுத்துறையிலிருந்து போடும் ஸ்டேட்டஸ், அந்த வெற்றிடம் தொடங்கும் தேதியைக் குறித்துக் கொடுப்பது போல ஆகிவிடும். தம்பிமார்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அந்தப் படத்தைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

கணவர் கல்ஃபில் இருக்கிறார். நான் இங்கே. என் பதிவில் அது தெரியுமா?

தெரியும். அமீரகம், ஓமன் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடித்துக் கூப்பிடும்போது இங்கே இரவாகியிருக்கும். அந்த அழைப்பு நேரத்தைச் சுற்றித்தான் உங்கள் இரவுப் பதிவுகளும் அமையும். சவூதி, குவைத், கத்தாரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் உங்கள் வெள்ளிக்கிழமை மற்ற நாள்களைப் போல இருக்காது.

இது வெறும் யூகம் இல்லை. மைக்கேல் மேசியும் ஸ்காட் கோல்டரும் 2011இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 84 நாடுகளில் 24 லட்சம் பேருடைய சுமார் 50 கோடி ட்விட்டர் பதிவுகளை எடுத்து, நாளின் எந்த நேரத்தில் மனநிலை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். விடுமுறை நாளில் காலை உற்சாகம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது; அமீரகத்தில் அந்தத் தாமதம் வெள்ளி, சனியில் தெரிந்தது. அப்போது அங்கே வார விடுமுறை அந்த இரண்டு நாள்கள். 2022 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறு. அவர் லீவில் வந்திருக்கும் ஒன்றிரண்டு மாதம் உங்கள் பழக்கம் முழுவதும் மாறும். அவர் போனதும் பழையபடி திரும்பும். வீட்டில் ஆண் துணை இருக்கிறதா இல்லையா என்று வெளியாள் தெரிந்துகொள்ள அது போதும். ஏர்போர்ட்டில் வழியனுப்பும் படத்தை அன்றே போட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

ராத்திரி 2 மணிக்கு மருமகள் ஆன்லைனில் இருக்கிறாள். தப்பாக நினைக்கலாமா?

நினைக்காதீர்கள், மாமி. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இதுதான்.

வாட்ஸ்அப் ஆன்லைன் என்று காட்டினால், அந்த நேரத்தில் அந்தச் செயலி அவர் போனில் திறந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். யாரோடு, எதற்கு என்பது அதில் இல்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம். நைட் டியூட்டி நர்ஸாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் நர்ஸ் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கல்ஃபில் இருக்கும் அண்ணனோடு பேசலாம். தூக்கம் வராமல் இருக்கலாம். போன் குழந்தை கையில் இருக்கலாம்.

நேரம் பார்க்கிற பழக்கம் வெளியாளைவிட நம் வீட்டுக்குள்தான் அதிகம் என்பதை என் மையத்தில் உட்கார்ந்தே கண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆன்லைனில் வந்துபோனார்கள் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அடுக்கிக்கொண்டு வந்தவர் உண்டு. ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இந்த ஆன்லைன் குறியை மட்டும் வைத்து, தூங்கும் நேரத்தையும், யாரோடு யார் பேசுகிறார்கள் என்பதையும்கூட ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். மக்களை எச்சரிப்பதற்காகச் செய்த ஆய்வு அது. அதையே வீட்டில் ஒருவரை நிறுத்தி வைத்து விசாரிக்கப் பயன்படுத்துவது பெரிய கொடுமை. மாலை 6 மணிக்கு நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்கிறார்கள். இரண்டு பேர் நேரம் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. மருமகளின் உடம்பைப் பற்றிக் கவலை இருந்தால், காலையில் “தூக்கம் வரலியா மக்களே?” என்று கேளுங்கள்.

அப்படியென்றால் இந்தக் கணிப்பு அடிக்கடி தவறுமா?

தவறும். பேச்சிப்பாறை, கோதையாறு மலைப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் காலையில் எழுதியது, ஆள் கீழே இறங்கியதும் மாலையில் மொத்தமாகப் போய்ச் சேரும். நேரம் குறித்து வைத்துத் தானாகப் போகும்படி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் நாலு பேருக்கு ஒரே போன் என்றால் நாலு பேருடைய பழக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும். கரண்டு போன நாளில் சார்ஜ் இல்லாமல் அமைதியாக இருந்திருப்பார்கள்.

எப்போது தூங்குகிறார், எந்த நேர மண்டலம், எந்த நாள் ஓய்வு என்பதை ஓரளவு நம்பலாம். ஏன் விழித்திருந்தார், எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று நேரம் சொல்லவே சொல்லாது. அதைச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர் தன் சந்தேகத்தைத்தான் சொல்கிறார்.

திருடர்கள் உண்மையில் இதையெல்லாம் பார்ப்பார்களா?

எல்லோரும் கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தேவையும் இல்லை, நாமே நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ போகும்போது வழியெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டால், பூட்டிய வீட்டைப் பற்றி மணிக்கொருமுறை செய்தி போகிறது. 2010இல் நெதர்லாந்துக்காரர்கள் சிலர், வெளியே இருப்பதாக மக்கள் தாங்களே அறிவித்த பதிவுகளை ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும் தளம் ஒன்றை வைத்தார்கள். ‘தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்’ என்பது அதன் பெயருக்கு அர்த்தம். எச்சரிப்பதுதான் அவர்கள் நோக்கம்.

நடைப்பயிற்சி, ஓட்டப் பதிவுச் செயலிகளையும் மறக்காதீர்கள். ஸ்ட்ராவா என்ற அப்படிப்பட்ட செயலி 2017 நவம்பரில் உலகம் முழுக்கப் பயனாளர்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டது. பெயர் ஒன்றும் இல்லை. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை அதில் ஒளிர்வதைக் கவனித்துச் சொன்னார். சங்குத்துறை கடற்கரையில் தினமும் 5:30க்கு ஓடத் தொடங்கும் உங்கள் பாதை, உங்கள் வீட்டு வாசலில்தான் ஆரம்பிக்கிறது.

விளம்பரக் கம்பெனிகள்?

செயலிக்காரர்களிடம் பதிவு மட்டுமல்ல, நீங்கள் திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாம் இருக்கிறது. வெளியாள் மங்கலாகப் பார்ப்பதை அவர்கள் தெளிவாகப் பார்க்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடிய எதுவும் அதைப் பெரிதாக மாற்றாது.

சட்டத்தில் பாதுகாப்பு உண்டா?

ஓரளவு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் நீங்களே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. பொதுப் பதிவின் நேரத்தை ஒருவர் குறித்து வைத்தால் அதை வைத்து அவரைக் கேட்பது கடினம்.

பெண்களுக்கு வேறொரு பிரிவு இருக்கிறது. ஒரு பெண் இணையத்தையோ மின்னஞ்சலையோ பயன்படுத்துவதைக் கண்காணிப்பது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் பின்தொடர்தல் குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை. “நேற்று 11:40க்குத்தானே தூங்கினாய்” என்று தொடர்ந்து மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்கிறவர் இருந்தால், அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவையே சாட்சி. எடுத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்கோ சைபர் பிரிவுக்கோ போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் பேசலாம்.

சரி, நான் என்னதான் செய்வது?

படத்தைத் தாமதமாகப் போடுங்கள். இதற்கு மேல் பயனுள்ள வழி எனக்குத் தெரியாது. கன்னியாகுமரியில் எடுத்த சூரியோதயப் படம் மறுநாள் போட்டாலும் அதே அழகுதான். ஊர்ப் பயணம், திருமணம், ஆஸ்பத்திரி, எல்லாம் வீடு திரும்பிய பிறகு.

வாட்ஸ்அப்பில் பிரைவசி பகுதிக்குப் போய் கடைசியாக வந்த நேரத்தைக் காட்டும் லாஸ்ட் சீனையும் ஆன்லைன் குறியையும் எல்லோரும் பார்க்காதபடி சுருக்குங்கள். ஆன்லைன் குறியை மறைக்கும் வசதி 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. பழைய நினைப்பில் பலரும் அதைத் தொடுவதே இல்லை. நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. அது நல்லதுதான் என்பேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஆக்டிவ் ஸ்டேட்டஸ் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் எடுத்த நேரமும், போனில் லொகேஷன் போட்டிருந்தால் இடமும் அதோடு போகும்; சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும்.

மென்பொருள் எழுதி, திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய்வருகிற தம்பிகளுக்கு ஒன்று: மென்பொருள் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும் நேரம் மட்டுமல்ல, உங்கள் கணினியின் நேர மண்டலமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எழுதுவதையே திடீரென்று நிறுத்திவிட்டால்?

அந்த நிறுத்தமும் ஒரு செய்தியாகத் தெரியும். மெதுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது நேரத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அவர் கடலில் இருக்கிறார். டவர் கிடைத்ததும் முதலில் என் லாஸ்ட் சீனைத்தான் பார்ப்பாராம். அதையும் மறைக்க வேண்டுமா?

வேண்டாம். முழுவதும் மூடிவிட்டால் அவர் பயந்துவிடுவார். லாஸ்ட் சீனில் ‘மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தொட்டு, பார்க்கக் கூடாதவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுங்கள். கீழே ஆன்லைன் என்ற இடத்தில் லாஸ்ட் சீனுக்கு உள்ளது போலவே என்பதை வையுங்கள். அவர் எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். அவருடையது உங்களுக்குத் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியும். செய்யத் தெரியவில்லை என்றால் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள் மைனி, ஐந்து நிமிட வேலை.